கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்

புக்கிட் மேரா என்றால் மலாயில் செங்குன்று. அந்த வட்டாரத்தில், ஹெண்டர்சன் சாலையிலிருந்து 36 மீட்டர் உயரத்தில், மவுண்ட் ஃபேபர் பூங்காவையும் தெலுக் பிளாங்கா குன்றுப் பூங்காவையும் ஒரு நடைபாலம் இணைக்கிறது. 2008இல் திறக்கப்பட்ட அதன் பெயர் ஹெண்டர்சன் வேவ்ஸ்; நீளம் 274 மீட்டர். ஏழு வளைந்த எஃகு விலாக்கள், ஒன்று நடைதளத்துக்கு மேலே எழ, அடுத்தது கீழே தாழ, மாறி மாறி ஓடுகின்றன. மேலே எழும் வளைவின் உட்புறம் நடப்பவர்கள் உட்கார்ந்து இளைப்பாறும் இடமாகிறது. லண்டனைச் சேர்ந்த ஐஜேபி நிறுவனமும் சிங்கப்பூரின் ஆர்எஸ்பி நிறுவனமும் சேர்ந்து வடிவமைத்த பாலம் இது. ஐஜேபியின் ஜார்ஜ் லெஜாண்டர் வடிவங்களைக் கையால் வரைவதைவிடச் சமன்பாடுகளாக எழுதுவதில் நாட்டமுள்ளவர். 2011இல் அவர் வெளியிட்ட ‘பாஸ்தா பை டிசைன்’ என்ற நூல் 92 வகைப் பாஸ்தாக்களைச் சமன்பாடுகளாகவே தருகிறது. ஹெண்டர்சன் வேவ்ஸின் அலையும் அப்படிச் சமன்பாட்டிலிருந்து பிறந்ததுதான். அத்தகைய சமன்பாடுகளில் அடிக்கடி தலைகாட்டும் மூன்று பெயர்கள் சைன், கொசைன், பை. இந்த மூன்றையும் கணினியில் யாரும் புதிதாக எழுதுவதில்லை. பெரும்பாலான நிரல்மொழிகளில் அவை முன்கூட்டியே உள்ளே இருக்கின்றன. அவற்றை நாம் எந்த அளவுக்கு நம்பலாம், எதைக் குறித்து நம்பலாம் என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

பாலத்தின் உண்மையான சமன்பாடு சிக்கலானது. நம் வாதத்துக்கு அதைவிட எளிய அலை போதும். 274 மீட்டரில் ஏழு அரை அலைகள் அமைய வேண்டும், அலையின் உயரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாலத்தின் தொடக்கத்திலிருந்து ஓர் இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதை 274ஆல் வகுத்து, ஏழு பையால் பெருக்கி, கிடைத்த கோணத்துக்குச் சைன் கண்டு, அதை மூன்றால் பெருக்கினால் அந்த இடத்தில் அலையின் உயரம் வந்துவிடும். பைத்தான் மொழியில் இது ஒரே வரி. ‘மேத்’ என்ற தொகுதியை அழைத்துக்கொண்டால் அதனுள் பை ஒரு மாறிலியாகவும் சைன் ஒரு சார்பாகவும் கிடைக்கின்றன. வர்க்கமூலம், மடக்கை, அடுக்குக்குறி, பாகையை ரேடியனாக மாற்றும் வழி ஆகியவையும் அங்கேயே உண்டு. தாத்தா காலத்தில் மடக்கை அட்டவணையைப் புரட்டிக் கண்டுபிடித்தவை எல்லாம் இப்போது ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன. இந்த வசதியே மாணவர் மனத்தில் ஓர் எண்ணத்தையும் விதைக்கிறது: மேத் தொகுதியில் இருக்கும் பைதான் பை, அங்கே இருக்கும் சைன்தான் சைன். இரண்டும் உண்மையல்ல. உண்மையல்ல என்பதைத் தொகுதியே, கேட்கத் தெரிந்தவரிடம், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

பைத்தானிடம் பையின் சைன் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பள்ளியில் படித்த விடை சுழி. திரையில் வருவதோ 0.00000000000000012246 என்று தொடங்கும் ஒரு சின்னஞ்சிறு எண். முதன்முறை பார்ப்பவர் கணினி தவறிவிட்டது என்பார். சற்றுப் பழகியவர் ‘தசமப் பிழை, விட்டுத்தள்ளு’ என்பார். இருவரும் சொல்வது சரியில்லை, ஏனென்றால் கணினி இங்கே தவறவே இல்லை. மேத் தொகுதியின் பை 64 பிட்களுக்குள் அடைக்கப்பட்ட எண். அதில் மதிப்புக்கு உரியவை 53 இரும இலக்கங்கள் மட்டும். முடிவின்றி ஓடும் பையை அதற்குள் திணிக்க முடியாது. ஆகவே உண்மையான பைக்கு மிக நெருக்கமான, ஆனால் சற்றே குறைந்த ஓர் எண் அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதைத் தசமத்தில் எழுதினால் 3.141592653589793. நாம் சைனிடம் கேட்டது பையின் சைனை அல்ல, இந்தக் குறைந்த எண்ணின் சைனை. பையை ஒட்டிய ஒரு கோணத்தின் சைன், அந்தக் கோணம் பைக்கு எவ்வளவு குறைவோ ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது திரையில் வந்த எண், உண்மையான பைக்கும் நிரலின் பைக்கும் உள்ள வித்தியாசம். சார்பு நம் கேள்வியைத் துல்லியமாகக் காதில் வாங்கி, நாம் கேட்க நினைத்ததை விட்டுவிட்டு, கேட்டதற்கு மட்டும் விடை சொன்னது.

என் வாதம் இந்த ஒரு வரியில் இருக்கிறது. உள்ளமைந்த கணிதச் சார்பு ஓர் உடன்படிக்கை. ‘இன்ன அளவையில், இன்ன எல்லைக்குள், இந்த எண்ணைக் கொடு, இவ்வளவு நெருக்கமான விடையைத் தருகிறேன்’ என்பது அதன் வாக்கு. அந்த வாக்கை அது பெரும்பாலும் நாம் தகுதியானதற்கும் மேலாகவே காப்பாற்றுகிறது. கணக்கு கெடும் இடம் அநேகமாகக் கேள்வியில்தான் இருக்கிறது, விடையில் அன்று. ஆகவே இலக்கங்களைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் பாதியையாவது பொருளைப் பற்றிக் கவலைப்படச் செலவிட வேண்டும்.

முதலில் இலக்கங்கள். நம் எளிய பாலத்தின் மறுமுனையில் கோணம் ஏழு பை. அங்கே அலையின் உயரம் சுழியாக வேண்டும். நிரலின் பையைக் கொண்டு கணக்கிட்டால் சுழிக்குப் பதில் ஏறத்தாழ ஒரு புரோட்டானின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு உயரம் வருகிறது. 274 மீட்டர் பாலத்தில் இது பிழை என்று பெயர் பெறுவதற்கே தகுதியற்றது. இன்னும் பெரிய உதாரணம் வேண்டுமென்றால், இப்போது சுமார் 2500 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் வாயேஜர் 1 விண்கலத்தை எடுத்துக்கொள்வோம். அந்தத் தொலைவை ஆரமாகக் கொண்ட ஒரு வட்டத்தின் சுற்றளவை நிரலின் பையால் கணக்கிட்டால், உண்மையான பையால் வருவதோடு ஒப்பிட 6 மில்லிமீட்டர்தான் குறையும். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் கோள்களுக்கிடையே கலங்களைச் செலுத்துவதற்குக்கூடப் பையின் 15 தசம இலக்கங்களோடு நிறுத்திக்கொள்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவர் தந்த மதிப்பே 11 தசம இடம்வரை சரியானது. அவர் கணக்குப்படி 90,000 கோடி அளவு விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 28,27,43,33,88,233. அந்தப் பையை வைத்தே புக்கிட் மேராவில் எத்தனை பாலங்கள் வேண்டுமானாலும் கட்டலாம்.

இனி பொருள். மேற்சொன்ன அதே வரியில் ஏழு பை என்பதற்குப் பதில், அரை வட்டத்துக்கு 180 பாகை என்று ஏழு அரை அலைக்கு 1260 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். பள்ளியில் சைன் அட்டவணை பாகையில் இருந்ததால் இது இயல்பாக நேரும் தவறு. பைத்தானின் சைன் பாகையை அறியாது. அது ரேடியனை மட்டும் வாங்கும். 1260 ரேடியன் என்பது 200 முழுச் சுற்றுகளுக்கும் மேல். மூன்றரை அலை இருக்க வேண்டிய பாலத்தில் 200 அலைகள் முளைக்கும். ஓர் அலையின் நீளம் 1.37 மீட்டர். நடைபாலம் துணி துவைக்கும் பலகையாகிவிடும். முன்னது புரோட்டான் அளவுப் பிழை, பின்னது பாலத்தையே விழுங்கும் பிழை. முன்னதைப் பார்த்துத் திடுக்கிடுகிறோம், காரணம் சுழி வர வேண்டிய இடத்தில் விநோதமான எண் வந்தது. பின்னதில் திடுக்கிட எதுவுமில்லை. 30 பாகை என்று எண்ணி 30ஐக் கொடுத்தால் அரைக்குப் பதில் −0.988 வருகிறது, 90ஐக் கொடுத்தால் ஒன்றுக்குப் பதில் 0.894 வருகிறது. இரண்டும் சைனுக்கு உரிய எல்லைக்குள் அடக்கமாக உட்கார்ந்திருக்கும் எண்கள். எச்சரிக்கை மணி அடிக்காது, நிரலும் நிற்காது.

ரேடியன் ஏன் என்று கேட்பவர்களுக்கு விடை 499ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தில் இருக்கிறது. வட்டத்தை 21,600 கலைகளாகப் பகுத்த ஆரியபட்டர், அதே கலையால் ஆரத்தையும் அளந்து 3438 என்று கொண்டார். வில்லையும் ஆரத்தையும் ஒரே கோலால் அளந்ததால் அவருடைய 24 வரி அட்டவணையில் முதல் வில்லான 225 கலைக்குச் சைனும் 225 என்றே வந்தது. சிறிய கோணத்துக்கு வில்லும் நாணும் ஒன்றே என்ற இந்த எளிமையைப் பெறுவதற்குத்தான் இன்றைய கணிதமும் கோணத்தை ஆரத்தால் அளக்கிறது. பாகை என்பது வட்டத்தை 360ஆகப் பிரித்துக்கொண்ட மனித வழக்கம். ரேடியன் வட்டம் தானே தரும் அளவு. பையின் சைனாக வந்த சின்ன எண்ணை இரு பைகளின் வித்தியாசம் என்று நாம் நேராகப் படிக்க முடிந்ததும் இதனால்தான். சைன் என்ற பெயருக்கே ஒரு தவறான வாசிப்பின் வரலாறு உண்டு. வில்லின் நாணைக் குறித்த ஜ்யா, ஜீவா என்ற வடசொல் அரபியில் ஒலிபெயர்ந்து போய், பிறகு ஆடையின் மடிப்பைக் குறிக்கும் வேறொரு அரபுச் சொல்லாகப் படிக்கப்பட்டு, மடிப்புக்கு உரிய லத்தீன் சொல்லான சைனஸ் ஆயிற்று. பெயர் பிழைபட்டும் பொருள் பிழைபடாமல் வந்து சேர்ந்தது நம் நல்லூழ்.

நிரல்மொழிகளில் அந்த நல்லூழ் எப்போதும் வாய்ப்பதில்லை. எக்செல் அட்டவணையில் லாக் என்று எழுதி 100ஐக் கொடுத்தால் 2 வரும். பைத்தானில் அதே பெயருள்ள சார்பு 4.605 என்கிறது. முன்னது பத்தின் அடிமானம், பின்னது ஈ (e) என்ற மாறிலியின் அடிமானம். எக்செலுக்கு உள்ளேயே இயங்கும் விபிஏ மொழியில் லாக் என்றால் ஈயின் அடிமானம்தான். ஒரே மென்பொருளின் கூடத்தில் ஒரு பொருள், அறையில் வேறு பொருள். இரண்டரையை முழு எண்ணாக்கச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் 3 என்கிறது. பைத்தான் 2 என்கிறது. அரைக்கு அரை நிற்கும் எண்களை எப்போதும் மேல்நோக்கித் தள்ளினால் நீண்ட கூட்டலில் சாய்வு சேர்ந்துவிடும் என்பதால் இரட்டைப்படை எண்ணின் பக்கம் சாய்வது பைத்தானின் விதி. −1இன் வர்க்கமூலத்தைக் கேட்டால் மேத் தொகுதி மறுத்து நிரலையே நிறுத்துகிறது. ஜாவாஸ்கிரிப்ட் ‘எண் அல்ல’ என்ற ஒரு குறியைத் தந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறது. பைத்தானின் கலப்பெண் தொகுதியோ கற்பனை எண்ணைத் தயங்காமல் தருகிறது. இவற்றில் எதுவும் பிழையன்று. ஒவ்வொன்றும் ஆவணத்தில் எழுதிவைத்துச் செய்யப்படும் செயல். பெயர் ஒன்றாக இருப்பதால் உடன்படிக்கையும் ஒன்றாக இருக்கும் என்று நாமாக எண்ணிக்கொள்வதுதான் பிழை.

இவ்வளவு ஆபத்து இருக்கிறதென்றால் இந்தக் கறுப்புப் பெட்டியை ஏன் நம்ப வேண்டும், சைனை நாமே எழுதிக்கொண்டால் உள்ளே நடப்பது முழுக்கத் தெரியுமே என்று ஒருவர் கேட்கலாம். கற்பதற்காக எழுதிப் பார்ப்பது நல்லது. பயன்பாட்டுக்கு அது பொறி. மாதவர் பெயரால் கேரளக் கணித மரபு வழங்கிவரும் தொடர் எல்லாரும் அறிந்தது: கோணத்திலிருந்து அதன் முப்படியில் ஆறில் ஒரு பங்கைக் கழி, ஐந்தாம் படியில் 120இல் ஒரு பங்கைக் கூட்டு, இப்படியே போய்க்கொண்டிரு. கணிதப்படி இது எந்தக் கோணத்துக்கும் சரி. இதை அப்படியே நிரலாக்கி 40 ரேடியனுக்குச் சைன் கேளுங்கள். இடையில் வரும் உறுப்புகளில் பெரியது சுமார் 148 கோடி கோடி. அந்த அளவிலான எண்களைக் கணினி 64 பிட்டில் எழுதும்போது, அடுத்தடுத்து எழுதக்கூடிய இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியே 2. நாம் தேடும் விடையோ −1க்கும் 1க்கும் இடையில். இரண்டு ரூபாய்க்குக் குறைந்த நாணயமே இல்லாத கடையில் ஐம்பது காசு சில்லறை கேட்பது போன்ற நிலை இது. மாபெரும் எண்களைக் கூட்டிக் கழித்து மிஞ்சுவது விடையன்று, கழிவு. தொடர் பொய்யில்லை; கணிதத்தின் எண்ணும் கணினியின் எண்ணும் ஒன்றல்ல என்பதைக் கணக்கில் கொள்ளாமல் கேட்டதுதான் குறை.

இந்தக் குறையை நூலகம் எப்படிக் கடக்கிறது என்று பார்த்தால் நமக்காக எவ்வளவு உழைப்பு நடந்திருக்கிறது என்பது புலப்படும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1990களில் வெளியிட்டு, இன்றுவரை பல மொழிகளுக்கு முன்மாதிரியாக நிற்கும் எஃப்டிலிப்எம் என்ற கணித நூலகம் பெரிய கோணத்தை முதலில் சுருக்குகிறது. எத்தனை கால் சுற்றுகள் கழிக்க முடியுமோ அத்தனையையும் கழித்து, 45 பாகைக்கு உட்பட்ட மீதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பிறகு அந்த மீதத்தின் 13ஆம் படிவரை செல்லும் ஒரு பல்லுறுப்புக்கோவையால் சைனைக் காண்கிறது. அந்தக் கோவையில் முப்படியின் கெழு சரியாக ஆறில் ஒன்று அன்று. 16ஆவது தசம இடத்தில் அது வேண்டுமென்றே சற்று விலகியிருக்கிறது. முடிவில்லாத தொடரை 13ஆம் படியில் வெட்டும்போது வரும் பிழை ஓரிடத்தில் குவியாமல் எல்லைமுழுதும் சமமாகப் பரவும்படி கெழுக்கள் சீர்செய்யப்பட்டுள்ளன. மீதத்தைக் கண்டறிய நூலகத்துக்குள் இன்னொரு மாறிலி உண்டு: இரண்டைப் பையால் வகுத்த மதிப்பு, 476 தசம இலக்கங்களுக்கு. விண்கலத்துக்கே 15 இலக்கம் போதும் என்று சற்றுமுன் சொன்னோம். இங்கே 476 எதற்கு? கேள்வி வேறு என்பதால். ஒன்றுக்குப் பின் 300 சுழி போட்ட எண்ணின் சைனை ஒருவர் கேட்டால், அதிலிருந்து முழுச் சுற்றுகளைக் கழித்துக் கடைசித் துணுக்கை எடுக்க வேண்டும். அதற்குப் பையின் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை இலக்கம் போதும் என்பதற்குப் பொதுவான விடை கிடையாது.

கறுப்புப் பெட்டி தவறவே தவறாதா? தவறியதும் உண்டு. இன்டெல் சில்லுகளில் சைனுக்கென்றே ஒரு கட்டளை பல்லாண்டுகளாக இருக்கிறது. கோணத்தைச் சுருக்க அது வைத்திருந்த பை 66 பிட் மட்டுமே. ஆவணமோ பிழை கடைசி இலக்கத்தைத் தாண்டாது என்றது. 2014இல் புரூஸ் டாசன் என்ற நிரலாளர், நாம் மேலே கேட்ட அதே கேள்வியை, அதாவது நிரலின் பைக்குச் சைன் எவ்வளவு என்பதை, அந்தக் கட்டளையிடம் கேட்டுப் பார்த்தார். 1.224646… என்று தொடங்க வேண்டிய இலக்கங்கள் 1.224606… என்று வந்தன. இன்டெல் தன் ஆவணத்தைத் திருத்தியது. ‘பார்த்தீர்களா’ என்று எதிர்வாதி எழுந்து நிற்கக்கூடும். ஆனால் நடந்ததை உற்றுப் பாருங்கள். பிழை கண்டுபிடிக்கப்பட்டதே ஓர் எழுதப்பட்ட வாக்கு இருந்ததாலும், அதைச் சோதித்துப் பார்க்க முடிந்ததாலும்தான். அவரவர் வீட்டில் எழுதிக்கொண்ட சைனுக்கு எந்த ஆவணமும் இல்லை, அதைச் சோதிக்க வேறு யாரும் வரப்போவதும் இல்லை. பலர் பயன்படுத்தும் பொதுக் கிணற்றில் நீர் கெட்டால் நாலு பேர் சொல்வார்கள்.

எதிர்த்திசையிலிருந்து வரும் ஆட்சேபம் இதைவிட வலுவானது. நூலகம் இவ்வளவு நம்பகமானதென்றால் அதன் உள்விவரம் நமக்கெதற்கு? பயன்படுத்தத் தெரிந்தால் போதாதா? இதற்குத் தமிழ் நிலத்திலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது. சென்னை வானாய்வகத்தில் ஒருகாலத்தில் பொறுப்பு வகித்த ஜான் வாரன், 1825இல் வெளியிட்ட ‘கால சங்கலித’ என்ற நூலில் புதுச்சேரியில் தாம் கண்ட ஒரு பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, சொற்களாலும் அசைகளாலும் மனத்தில் ஏற்றிவைத்த அட்டவணைகளைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வாக்கிய முறை என்று நாம் அறிவது இதுவே. சந்திரனின் இருப்பிடத்துக்கு 248 வாக்கியங்கள். 248 நாளில் சந்திரன் பூமியை நெருங்கி விலகும் சுற்று ஒன்பது முறை முடிவதால் அந்த எண்ணிக்கை. ஒவ்வொரு வாக்கியமும் எண்களை எழுத்தில் பொதிந்தது. தாளோ கருவியோ இல்லாமல் மனிதர் ஒருவரே நூலகமாக நடமாடிய அருமை அது. வாரனின் பார்வையில், அந்தக் கணிதருக்கு முறைக்குப் பின்னால் உள்ள கோட்பாட்டில் அக்கறை இல்லை. 1825 மே 31, ஜூன் 1 இரவுக் கிரகணத்துக்கு அவர் முறை தந்த விடையைப் பிற்காலத்தில் ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கெபவர் கண்டது: தொடக்கத்தில் 4 நிமிடம்தான் வித்தியாசம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம்.

இந்த மூன்று எண்களும் சேர்ந்துதான் கேள்விக்கு விடை. உள்விவரம் தெரியாமலே ஒருவர் வியக்கத்தக்க விடையை எட்டிவிடலாம் என்பதற்கு முதல் எண் சாட்சி. எந்த விடையை எவ்வளவு நம்பலாம் என்று அவருக்கு அந்த முறை சொல்லாது என்பதற்கு மூன்றாவது எண் சாட்சி. நான்கு நிமிடப் பிழையும் 52 நிமிடப் பிழையும் சோழிகளில் ஒரே உறுதியோடுதான் வந்து விழுந்திருக்கும். திருத்துவதற்கும் அறிவு வேண்டும். சந்திர வாக்கியங்களின் பழைய தொகுதி வரருசியின் பெயரால் வழங்குவது, கலை அளவுக்கே நுட்பமுடையது. அதை இன்னும் நுண்ணிய விகலை அளவுக்குச் செம்மைப்படுத்திப் புதிய தொகுதி தந்தவர் மாதவர். வாக்கியத்தை மனப்பாடம் செய்தவர் நூற்றுக்கணக்கானோர். மாற்றி எழுத முடிந்தது அது எதிலிருந்து வந்தது என்று அறிந்தவரால். இன்றும் தமிழ் வீடுகளில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் அருகருகே கிடக்கின்றன. சனி மகர ராசிக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2020 ஜனவரி 24; வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 27. கேள்வி ஒன்று, விடைக்கு இடையில் பதினொரு மாதம். எது சரி என்று சண்டையிடுபவர் உண்டு. நிரலாளரின் கண்ணுக்கு அவை வெவ்வேறு மாறிலிகளைத் தாங்கிய இரண்டு நூலகங்கள். ஒன்றின் விடையை மற்றொன்றின் விடையோடு கலந்து கணிக்காதவரை குழப்பம் அந்தந்தப் பஞ்சாங்கத்துக்குள் அடங்கியிருக்கும்.

கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1991 பிப்ரவரி 25 துயரமான சான்று. சவுதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணை அமைப்பு எதிரியின் ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறி 28 படைவீரர்கள் இறந்தனர். அமைப்பின் கடிகாரம் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. பத்தில் ஒன்று இருமத்தில் முடிவில்லாமல் நீளும் எண். 24 பிட்டில் வெட்டியதால் ஒவ்வொரு எண்ணிக்கையிலும் துளி குறைந்தது. 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் அது 0.34 விநாடியாகச் சேர்ந்துவிட்டது. வழக்கமாக இத்தோடு கதையை முடித்து, இலக்கம் போதவில்லை என்று பாடம் சொல்வார்கள். கணிதர் ராபர்ட் ஸ்கீல் 1992இல் சுட்டியது அதைவிட நுட்பமானது. நேரத்தை மேலும் துல்லியமாக மாற்றும் திருத்தம் நிரலில் ஏற்கெனவே சில இடங்களில் செய்யப்பட்டிருந்தது, எல்லா இடங்களிலும் அல்ல. பழைய மதிப்பே எங்கும் இருந்திருந்தால் இரு நேரங்களைக் கழிக்கும்போது பிழை பெரும்பாலும் ஒன்றையொன்று தின்றிருக்கும். பாதி இடத்தில் நல்ல மதிப்பும் பாதி இடத்தில் குறை மதிப்பும் நின்றதால் கழித்தலில் பிழை முழுசாக மிஞ்சியது. உள்ளமைந்த மாறிலியைப் பயன்படுத்து என்ற அறிவுரையின் உண்மையான காரணம் இங்கே இருக்கிறது. மேத் தொகுதியின் பை மிகத் துல்லியமானது என்பது இரண்டாம் காரணம். நிரலின் எல்லா மூலையிலும் அது ஒரே பையாக இருக்கும் என்பது முதல் காரணம். ஒருவர் 22/7 என்றும், இன்னொருவர் 3.14 என்றும், மூன்றாமவர் 3.1416 என்றும் ஒரே நிரலில் எழுதிவைத்தால், தனித்தனியே பழுதில்லாத மூன்று தோராயங்கள் சேர்ந்து ஒரு பொய்யை உண்டாக்கும்.

ஆக, வேலை இரண்டாகப் பிரிகிறது. எப்படிக் கணிப்பது என்பதை நூலகத்திடம் விட்டுவிடலாம், விட்டுவிடவும் வேண்டும். 13ஆம் படிக் கோவையையும் 476 இலக்க மாறிலியையும் யாரும் மனத்தில் சுமக்க வேண்டியதில்லை. எதைக் கணிப்பது, எந்த அளவையில், எந்த எல்லைக்குள், எவ்வளவு நெருக்கத்துக்கு என்பவை எந்த நூலகத்துக்கும் தெரியாதவை. இந்தப் பிரிவினையை மதித்தே பைத்தானின் மேத் தொகுதி ஓரிடத்தில் வேண்டுமென்றே கைவிரிக்கிறது. இரண்டு எண்கள் போதிய அளவு நெருக்கமா என்று சொல்வதற்கென்றே அங்கே ஒரு சார்பு உண்டு. சாதாரணமாக அது நூறு கோடியில் ஒரு பங்கு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும். அந்தப் பங்கை அது அளப்பது ஒப்பிடப்படும் எண்களின் அளவைக் கொண்டு. எனவே பையின் சைனாக வந்த அந்தச் சின்னஞ்சிறு எண்ணைச் சுழியோடு நெருக்கமா என்று கேட்டால் ‘இல்லை’ என்கிறது. சுழியின் பக்கத்தில் பங்கு என்ற பேச்சுக்கு இடமில்லை, சின்ன எண்ணோ அதன் கண்ணுக்கு முழு வித்தியாசமாகவே நிற்கிறது. ‘ஆம்’ என்று சொல்ல வைக்க வேண்டுமானால், எவ்வளவு வித்தியாசத்தை நான் சுழியாகக் கருதுவேன் என்று நிரல் எழுதுபவரே தனியாக ஓர் எண்ணைத் தர வேண்டும். தராவிட்டால் தொகுதி தானாக எதையும் வைத்துக்கொள்ளாது. ஹெண்டர்சன் வேவ்ஸுக்கு அந்த எண்ணைத் தர வேண்டியவர் சைனின் இலக்கங்களைப் பார்த்துப் பயனில்லை. நடைதளம் பலாவு மரப் பலகைகளால் ஆனது. சிங்கப்பூரின் மழையிலும் வெயிலிலும் மரம் உப்பும், சுருங்கும். எத்தனை மில்லிமீட்டர் என்பதை அறிந்தவர் சொல்லும் எண்தான் அங்கே சுழி.